பூஞ்சை பிடித்த கோல்ட்மார்க்: மலையூரில் பழைய வயலின் ரெக்கார்டைக் கணினிக்கு ஏற்றும் முறை

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய பங்களாக்கள் கைமாறும்போது பீரோவிலிருந்து இறங்கும் எல்.பி. கட்டுகளில் பீத்தோவனும் சாய்காவ்ஸ்கியும் தவறாமல் இருப்பார்கள். அவர்களுக்கு இடையில் கார்ல் கோல்ட்மார்க்கின் ஏ மைனர் வயலின் கன்செர்ட்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, ஓபஸ் 28) அகப்பட்டால் எடுத்துத் தனியே வையுங்கள். கோல்ட்மார்க் (1830–1915) ஹங்கேரியில் பிறந்து வியன்னாவில் வாழ்ந்தவர். 1890-91இல் அங்கே பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் இவரிடம் பாடம் கேட்டார். சீடர் எழுதிய வயலின் கன்செர்ட்டோ இன்று எல்லா மேடையிலும் ஒலிக்கிறது. குருவினுடையதைத் தேடித்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தட்டில் கைபழகுவதில் ஒரு வசதி உண்டு. நேதன் மில்ஸ்டைன் (ஹாரி பிளெக் நடத்திய ஃபில்ஹார்மோனியா), இட்சாக் பெர்ல்மேன் (ஆந்த்ரே பிரெவின் நடத்திய பிட்ஸ்பர்க் சிம்பொனி) ஆகிய இருவர் வாசித்த பதிவுகளும் மூல நாடாவிலிருந்து குறுந்தகடாக வந்துவிட்டன. உங்கள் வேலை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல குறுந்தகடு இருக்கும் பதிவை மறுபடி ஏற்றுவது பயிற்சிக்கு மட்டும்தான். அதைவிட நன்றாக உங்கள் தட்டு ஒலிக்கப் போவதில்லை. மறுபதிப்பே வராத தட்டுகள் கைக்கு வரும்போதுதான் இந்தப் பயிற்சி பலன் தரும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரகரப்பைக் கணினியில் நீக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான வயலின் பதிவுகள் பாழாகின்றன. வில் கம்பியைக் கடிக்கும் அந்த முதல் நொடித்துளியும் பூஞ்சைப் புள்ளியில் ஊசி தட்டும் சத்தமும் மென்பொருளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றை அழித்தால் மற்றதும் போகும். அதனால் உழைப்பின் பெரும்பங்கைத் தண்ணீரிலும் ஊசியிலும் செலவழியுங்கள். கணினிக்கு மிச்சம் கொஞ்சமாக இருக்கட்டும்.

எந்த மாதத்தில்

ஊட்டி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் கனம். இந்த மாதங்களில் கழுவிய தட்டு காயாது. ஊசி ஓடும் பள்ளத்தின் அடியில் ஈரம் தங்கினால் பூஞ்சை திரும்ப வரும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோதான காலம். ஒரு குறை, காற்று உலர்ந்திருப்பதால் நிலைமின்னேற்றம் கூடும். தட்டை உறையிலிருந்து உருவும்போதே படபடவென்று பொரியும், தூசியை இழுக்கும். அதற்குக் கடைசிக் கழுவலை ஒட்டியே வாசித்துவிடுவதுதான் எளிய வழி.

இடி இருக்கும் மாலைகளில் இந்த வேலை எதுவும் வேண்டாம். பிளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிடுங்கள்; சுவிட்சை அணைப்பது போதாது.

தட்டைப் பார்த்தல்

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கிளைவிட்ட புள்ளிகள், விரலால் தொட்டால் பொடியாக உதிர்வது பூஞ்சை. இது பெரும்பாலும் விரல் எண்ணெயையும் தூசியையும் காகித உறையையும் தின்று வளர்வது. வினைலை அவ்வளவாகத் தொடாது. ஆகவே கழுவினால் போகும். பிளாஸ்டிக் உறையின் சுருக்கங்கள் அப்படியே தட்டின் மேல் மங்கலாகப் படிந்திருந்தால் அது வேறு கதை. பி.வி.சி. உறையிலிருந்து கசிந்த ரசாயனம் தட்டின் மேற்பரப்பையே மாற்றியிருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மிஞ்சும். அந்தத் தட்டில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அது 1.8 நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று வரும். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான். ஒழுங்கற்ற பொரிச்சல் என்றால் அழுக்கோ மின்னேற்றமோ. இந்த 1.8 நொடிக் கணக்கு பின்னாலும் பயன்படும்.

கழுவல்

கலவை, 1 லிட்டருக்கு: டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., கிடைத்தால் புகைப்படச்சுருள் கழுவப் பயன்படும் ஈரமாக்கி 2–3 துளி. ஈரமாக்கி இல்லையென்றாலும் பரவாயில்லை. பாத்திரம் துலக்கும் திரவத்தில் வாசனையும் நிறமும் சேர்ந்திருப்பதால் அது பள்ளத்தில் படிந்துபோகும். கை சானிடைசர் கூடவே கூடாது. அதிலுள்ள கிளிசரின் காயாமல் தங்கி ஊசியில் பசையாக ஒட்டும். மருந்துக்கடை ஸ்பிரிட்டிலும் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கத்துக்கு 30 முதல் 40 மி.லி. கலவை செலவாகும்.

கலவை தீப்பிடிக்கும். கணப்பு எரியும் அறையில் புட்டியைத் திறக்காதீர்கள்.

78 வேகத் தட்டுக்கு இந்தக் கலவை எமன். அவை அரக்குத் தட்டுகள். ஆல்கஹால் பட்டால் கரையும். அவற்றுக்கு வெறும் டிஸ்டில்டு வாட்டரும் ஈரமாக்கியும் மட்டும், அதுவும் ஊறவிடாமல்.

மலையில் எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம்தான் மருந்து. பூஞ்சைக்கும் அதையே தடவிப் பார்க்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். தலைவலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் தடவினால் எண்ணெய்ப் பசை பள்ளத்தில் நின்று அடுத்த பருவத்தின் தூசியைச் சேர்த்துவைக்கும். அதேபோல் தச்சுவேலைக்கான மரப்பசையைத் தட்டு முழுக்க ஊற்றி, காய்ந்தபின் தோல்போல உரிக்கும் முறை ஒன்று உலவுகிறது. வறண்ட ஊரில் சிலருக்குக் கைகொடுக்கிறது. இங்கே ஈரக்காற்றில் பசை நடுவில் வெண்மையாகவே நின்றுவிடும். உரிக்கும்போது அறுந்து, துணுக்குகள் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் அதை எடுக்க வழியில்லை.

வேலையை வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசத்தோடு தொடங்குங்கள். பழைய உள்ளுறையை உடனே பையில் கட்டி எறியுங்கள். அதைத் திரும்பப் பயன்படுத்தினால் கழுவியது வீண். தட்டின் மேல் உதிரும் பொடியை மென்மையான தூரிகையால், பள்ளம் ஓடும் திசையிலேயே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தட்டுங்கள். பிறகு உள்ளே வந்து, கேக் அலங்கரிக்கும் சுழல்மேடை மேல் துண்டு விரித்துத் தட்டை வையுங்கள். லேபிளை அதன் அளவுள்ள ரப்பர் விளிம்பு மூடியால் மூடுங்கள். ஈரம் பட்டால் லேபிள் மை கலையும், பதிவு எண் போய்விடும்.

கலவையைப் பள்ளம் முழுக்கப் பரவும்படி விட்டு 2 முதல் 3 நிமிடம் ஊறட்டும். ஒரு தூரிகையால் வலச்சுற்றாகப் பத்து, இடச்சுற்றாகப் பத்து. அழுத்தம் வேண்டாம், மயிர் பள்ளத்துக்குள் இறங்கினால் போதும், அதை வளைக்க வேண்டியதில்லை. மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பூஞ்சை அதிகமென்றால் இதையே இன்னொரு முறை. அடுத்து, வேறு ஒரு தூரிகையோடு, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு அலசல். இந்த அலசலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கரைந்த அழுக்கு அங்கேயே காய்ந்து முன்னைவிட அதிகமாகக் கரகரக்கும்போது கலவையைக் குறை சொல்வார்கள். முதல் சுற்றுக்கும் அலசலுக்கும் ஒரே தூரிகை என்றால் பூஞ்சை வித்துகளை நீங்களே மறுபடி பூசுகிறீர்கள்.

உலர, தட்டு அடுக்கும் கம்பிச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஜனவரியில் வெயிலடிக்கும் நாளில் நிழலில் இரண்டு மணி நேரம், மூட்டமான நாளில் இரவு முழுவதும். தட்டையே வெயிலில் வைக்காதீர்கள். மேலே குளிரடித்தாலும் மலை வெயில் உறைக்கும். மூடிய கார், கண்ணாடி ஜன்னல் ஓரம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தட்டை நெளிய வைக்கப் போதும். ஹேர் டிரையரும் அப்படியே. கணப்புப் பக்கம் நிறுத்தினால் நெளிசலோடு கரிப்புகையும் சேர்ந்துவிடும்.

அறையும் மின்சாரமும்

பழைய பங்களாக்களின் பலகைத் தளம் அழகு, ஆனால் நடந்தால் ஊசி குதிக்கும். டர்ன்டேபிளை மேசையில் வைக்காமல் சுவரில் அறைந்த பலகையில் வையுங்கள். நீர்மட்டக் குழாயால் இரு திசையிலும் சமமா என்று பாருங்கள்.

குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி. கார்ட்ரிட்ஜுக்குள் (கையின் நுனியில் ஊசி பொருந்திய தலைப்பகுதி) ஊசித் தண்டைத் தாங்கும் ரப்பர் சுமார் 20 முதல் 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது. 10 டிகிரியில் அது இறுகி, உரத்த இடங்களில் ஊசி பள்ளத்தைப் பின்தொடர முடியாமல் தடுமாறும். பெல்ட்டும் விறைக்கும், தாங்கி எண்ணெயும் கட்டியாகும். அறையைச் சூடேற்றி, விலைபோகாத ஒரு தட்டை அரைமணி ஓடவிட்ட பிறகுதான் கோல்ட்மார்க்கை வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த தட்டின் மேல் ஈரம் பூக்கும்; அது அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையிலேயே இருக்கட்டும்.

பழைய வீடுகளில் இரண்டு முனைப் பிளக்குகள், எர்த் இல்லாத இணைப்புகள் இருக்கும். 'ம்ம்' என்று அடிநாதம் கேட்டால் டர்ன்டேபிளின் எர்த் கம்பி ஃபோனோ பிரீஆம்பில் (ஊசி தரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பெட்டி) திருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டுங்கள். பாதிக்கு மேல் இந்த இரண்டில் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம் என்பதால் இன்வெர்ட்டரில் ஓட்டத் தோன்றும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் சரி. சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டார் உறுமும், வேகமும் ஒலியும் கெடும்.

ஊசி, கோணம், எடை

சாதாரண மூவிங் மேக்னட் (அசையும் காந்த வகை) கார்ட்ரிட்ஜ் போதும். நீள்வட்ட ஊசி (0.3 × 0.7 மில்; ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் நல்லது. ஊசி தட்டை அழுத்தும் எடையைத் தயாரிப்பாளர் தந்த வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். வரம்பு 1.5 முதல் 2.0 கிராம் என்றால் 1.8. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். தளர்வாக ஓடும் ஊசிதான் சுவரில் மோதி மோதிப் பள்ளத்தைச் சிதைக்கிறது.

கன்செர்ட்டோவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 12 அங்குலத் தட்டின் வெளிப்பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 21 செ.மீ. சுருங்கிய இடத்தில் அதே ஒலியைத் திணித்திருப்பதால் சிதைவு அதிகம். கன்செர்ட்டோ எங்கே உச்சத்தை அடைகிறது? முடிவில். வயலின் மேல்ஸ்தாயியில் விரைய, குழு முழுவதும் முழங்க, தட்டு மிக மோசமாக ஒலிக்கும் இடத்தில் வந்து நிற்கிறது.

இதற்குக் கார்ட்ரிட்ஜ் பொருத்தும் கோணத்தில் பதில் இருக்கிறது. இந்தக் கோணத்தைச் சரிபார்க்க இணையத்தில் கிடைக்கும் கோணமானித் தாள்கள் பெரும்பாலும் பேர்வால்ட் கணக்கில் வரைந்தவை. கோணப் பிழை பூஜ்யமாகும் புள்ளிகள் தட்டின் மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ. இரண்டும். ஸ்டீவன்சன் கணக்கில் அவை 60.3, 117.4 மி.மீ. பின்னதில் நடுப்பகுதியில் பிழை கொஞ்சம் கூடும், லேபிள் ஓரத்தில் குறையும். கன்செர்ட்டோத் தட்டுகளுக்கு ஸ்டீவன்சன்தான் மேல். அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று தேர்ந்தெடுத்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிரிண்டர் தாளுக்குப் பொருத்துகிறேன் என்று 2 சதவீதம் சுருக்கினாலே கோணம் பொய்யாகிவிடும்.

கடைசி ஐந்து நிமிடம் வலப்பக்க ஒலிபெருக்கியில் மட்டும் கரகரத்தால் ஆன்ட்டி-ஸ்கேட்டிங் (கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் விசை) குறைவு. கை உள்நோக்கி இழுபட்டு, வெளிச்சுவரில் ஊசியின் பிடி தளர்ந்திருக்கிறது. இடப்பக்கம் மட்டும் என்றால் அதிகம். இரண்டிலும் என்றால் ஊசி தேய்ந்துவிட்டது, அல்லது தட்டை முன்பு யாரோ தேய்ந்த ஊசியால் உழுதிருக்கிறார்கள்.

வேகம்

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெல்ட் டர்ன்டேபிள் 60 ஹெர்ட்ஸுக்கானது என்றால் இங்கே அது 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் ஓடும். அது காதுக்கே தெரிந்துவிடும். 1 சதவீதப் பிழைதான் ஏமாற்றும். 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் வட்டத்தை அச்சிட்டுத் தட்டின் மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மினுக்கும் விளக்கில் பாருங்கள். கோடுகள் நின்றதுபோல் தெரிய வேண்டும். எல்.இ.டி. பல்புகள் பல இதற்கு உதவாது. சோக் போட்ட பழைய டியூப்லைட்டோ சுவிட்ச் போர்டில் சிவப்பாக எரியும் நியான் துளியோ போதும்.

காதால் சரிபார்க்க நம் வீட்டிலேயே கருவி இருக்கிறது. கோல்ட்மார்க்கின் இரண்டாம் பகுதி, 'ஏர்' என்று பெயரிட்ட ஆண்டாந்தே (நிதான நடை), ஜி மேஜரில் அமைந்தது. சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்து ஓடவிடுங்கள், அது ஜி. சேர்ந்து நின்றால் வேகம் சரி. பதிவு ஒரு மயிரிழை மேலே இருந்தால் பதறாதீர்கள். ஏ 440க்குப் பதில் 442, 443இல் சுருதி சேர்க்கும் குழுக்கள் உண்டு, அது பத்துச் சொச்சம் சென்ட்தான். அரைச்சுரத்தில் பாதி, அதாவது 50 சென்ட் விலகினால் வேகம் 3 சதவீதம் தவறு.

நீண்ட ஸ்வரங்கள் அலைந்தால் எண்ணிப் பாருங்கள். நொடிக்கு ஐந்தாறு முறை அசைவது வாசிப்பவரின் வைப்ராட்டோ. 1.8 நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கினால் தட்டின் நடுத்துளை தள்ளியிருக்கிறது அல்லது தட்டு நெளிந்திருக்கிறது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போவது அந்தக் காலத்து வயலின் பாணி. கமகம் கேட்டுப் பழகிய நமக்கு அது உறுத்தாது, ஆனால் வேகத்தைத் தானாகச் சீராக்கும் மென்பொருளுக்கு அது குறையாகப் படும். அந்த வசதியை அணைத்தே வையுங்கள்.

பதிவு

ஃபோனோ பிரீஆம்பில் ஆர்.ஐ.ஏ.ஏ. சமனாக்கம் (தட்டு வெட்டும்போது மாற்றிய தாழ்ஒலி, மேல்ஒலி அளவுகளைத் திருப்பிச் சரிசெய்வது) இருக்க வேண்டும். 1950-களின் நடுவிலிருந்து வந்த எல்.பி.க்களுக்கு அதுவே பொது. அங்கிருந்து யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டுக்கு. லேப்டாப்பின் மைக் துளை வேண்டாம். மென்பொருளுக்கு இலவச ஆடாசிட்டி போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. நிமிடத்துக்கு சுமார் 35 எம்.பி.; முப்பத்து சொச்சம் நிமிடம் ஓடும் கோல்ட்மார்க்குக்கு 1.2 ஜி.பி. அளவு. இடம் போதாவிட்டால் 48 கிலோஹெர்ட்ஸில் பாதியாகும், பாதகமில்லை.

அளவு வைக்கும்போது வயலின் தனித்து வாசிக்கும் இடத்தை நம்பாதீர்கள். முதல் பகுதியில் வயலின் ஓய்ந்து குழு முழுவதும் முழங்கும் இடங்களை ஓட்டிப் பார்த்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மைனஸ் 10 ஆனாலும் 24 பிட்டில் இழப்பு ஒன்றுமில்லை. பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்டால் மீட்கவே முடியாது.

கழுவியபின் முதல் ஓட்டத்தைப் பதிவு செய்யாதீர்கள். தளர்ந்து நிற்கும் மிச்ச அழுக்கை ஊசி உழுது எடுக்கும் ஓட்டம் அது. முடிந்ததும் ஊசியைப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் ஒரு பந்து தொங்கும். பின்னிருந்து முன்னாகத் தூரிகையால் எடுத்துவிட்டு இரண்டாம் ஓட்டத்தைப் பதியுங்கள். ஊசி இறங்குவதற்கு முன்னிருந்தே பதிவு ஓடட்டும். இசை தொடங்கும் முன் வரும் வெற்றுப் பள்ளத்தின் இரைச்சல் பின்னால் தேவைப்படும்.

மோனோத் தட்டென்றால் அதிர்ஷ்டம். ஸ்டீரியோவாகவே பதிந்து, பிறகு இரண்டு தடங்களையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். மோனோத் தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது; பூஞ்சையும் தூசியும் ஊசியை மேலும் கீழுமாகத் தட்டுவன. சேர்க்கும்போது அந்த மேல்கீழ் அசைவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எந்த வடிகட்டியும் தராத சுத்தம் இதில் கிடைக்கும்.

கணினியில், கொஞ்சமாக

முதலில் மூலப்பதிவின் நகல் ஒன்றைத் தொடாமல் எடுத்து வையுங்கள். பிறகு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டி. வயலினின் அடிக்கம்பி ஜி 196 ஹெர்ட்ஸ், டபுள் பாஸ் கூட 30க்குக் கீழே அரிது. ஆகவே மோட்டார் உறுமல் தவிர எதுவும் போகாது.

அடுத்து, பெரிய 'டிக்'குகளைக் கையால். அலைவடிவத்தை ஊசி முள்போல் நிற்கும் இடம்வரை பெரிதாக்கி, அந்தச் சில மாதிரிகளை (கணினி ஒலியை எண்ணாகப் பதியும் புள்ளிகள்) மட்டும் தேர்ந்தெடுத்து 'ரிப்பேர்' கொடுங்கள். அது 128 மாதிரிகள் வரைதான் ஏற்கும், அதற்குள் பெரும்பாலான தட்டல்கள் அடங்கிவிடும். அரைமணி இசைக்கு ஒரு மாலை ஆகலாம். அலுப்பான வேலைதான், ஆனால் வயலினுக்குச் சேதமே இல்லாத ஒரே வேலையும் இதுதான்.

முழுக் கோப்பின்மேல் தானியங்கி 'கிளிக் ரிமூவல்' ஓட்டுவது வேறு விஷயம். கோல்ட்மார்க்கின் மூன்றாம் பகுதியில் வில் துள்ளித் துள்ளி விழும் இடங்களில் அது ஒவ்வொரு தொடக்கத்தையும் மழுக்கும். கிளாசுனோவ் 1904இல் எழுதிய ஏ மைனர் கன்செர்ட்டோவில் இன்னும் மோசம். கடைசிப் பகுதியில் இடக்கை விரலால் கம்பியைச் சுண்டும் பிட்சிகாட்டோ வரும். மென்பொருள் அதைக் கீறல் என்றே எடுத்து விழுங்கிவிடும். கட்டாயம் ஓட்டத்தான் வேண்டுமென்றால் மெதுவான பகுதிக்கு மட்டும் ஓட்டுங்கள்.

எவ்வளவு நீக்கினோம் என்று அறிய ஒரு சோதனை. திருத்திய தடத்தைத் தலைகீழாக்கி மூலத்தோடு கலந்து ஓட்டுங்கள். எஞ்சுவது நீங்கள் நீக்கியது மட்டும். அதில் வெறும் பொரிச்சல் கேட்டால் சரி. வயலினின் நிழல்போல ஏதாவது ராகம் கேட்டால் அளவு மீறிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். இரைச்சல் நீக்கத்தையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். வெற்றுப் பள்ளத்தை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபலுக்கு மேல் போகாமல். அதற்கு மேல் போனால் மெல்லிய இடங்களில் தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல் ஒலிக்கும். எங்கள் பரிந்துரை, அதைத் தொடவே வேண்டாம் என்பதுதான். சீரான இரைச்சலைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும், மழுங்கிய வில்லை மறக்காது.

கோல்ட்மார்க்கின் மூன்று பகுதிகளும் தனித்தனியே முடிவதால், தட்டைத் திருப்பும் இடம் பகுதிகளுக்கு நடுவில் வந்திருந்தால் ஒட்டுவேலை இல்லை. கிளாசுனோவும், யூலியஸ் கோனுஸ் 1896இல் எழுதிய ஈ மைனர் கன்செர்ட்டோவும் இடைவிடாமல் ஓடுபவை. இருபது நிமிடச் சொச்சம் என்பதால் எல்.பி.யில் ஒரே பக்கத்தில் அடங்கும். வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸ் 1934இல் நடத்துநர் பார்பிரோலியோடு பதிந்த கிளாசுனோவைப் போன்ற 78 தட்டுகளில்தான் நாலு நாலு நிமிடமாக வெட்டு விழும். அங்கே ஒட்டும்போது இரு பக்கத்தின் சுருதியையும் இரைச்சலின் அளவையும் முதலில் சமன்செய்துவிட்டு வெட்டுங்கள்.

சேமிப்பு

கோப்பை ஃப்ளாக் வடிவில் (ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் வகை) சேமித்து, இசையமைப்பாளர், வாசித்தவர், நடத்துநர், குழு, பதிவு எண் இவற்றோடு, லேபிள் ஓரத்து வெற்றிடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் குறியுங்கள். ஒரே பதிவு வெவ்வேறு அச்சுகளில் வந்திருக்கும். எதிலிருந்து ஏற்றியது என்று அந்தக் கீறல் எண்தான் சொல்லும்.

தட்டுக்குப் புதிதாக பாலித்தீன் உட்பூச்சு உறை. மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். உள்சுவரிலிருந்தும் நாலங்குலம் தள்ளி, செங்குத்தாக. விலை குறைந்த ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை 110, 120 டிகிரி ஓவனில் வறுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மழைமாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டியிருக்கும். பட்டுப்புடவைக்குப் போடும் பாச்சை உருண்டையைத் தட்டுகளோடு போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அட்டையில் பூஞ்சை இருந்தால் அதைத் தனிப் பையில் வேறு அலமாரியில் வையுங்கள், தட்டோடு சேர்க்காதீர்கள்.

ஏற்றியதை இணையத்தில் போடுமுன் கணக்குப் பாருங்கள். கோல்ட்மார்க்கின் இசைக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது, ஆனால் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1977இல் வெளியான தட்டென்றால் 2037 முடியும்வரை. சொந்தத் தட்டிலிருந்து சொந்தக் கேட்புக்காக ஒரு நகல் எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை.